உப்பும் கொலுசும்: ஒரு நகைச்சுவை மாயக் குறுநாவல் திருத்தி எழுதப்பட்ட விதம்

மாய நகரம் ஒன்றில் கூலிக்குக் கொலை செய்து பிழைக்கும் ஒருவனைப் பற்றி, சேலம் அம்மாப்பேட்டையைச் சேர்ந்த இளம் எழுத்தாளர் ஒருவர் எழுதிய நகைச்சுவைக் குறுநாவல் எங்கள் வாசகர் வட்டத்தின் பார்வைக்கு வந்தது. அதைச் செம்மையாக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். முதல் படிக்கும் இப்போதுள்ள படிக்கும் இடையில் அந்தக் கதை அடைந்த மாற்றங்களை அவற்றின் காரணங்களோடு பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். நூல் அச்சேறும் வரை தம் பெயரையும் தலைப்பையும் வெளியிட வேண்டாம் என்று எழுத்தாளர் கேட்டுக்கொண்டதால் அவை இங்கே இல்லை. கதையின் உள்விவரங்களைச் சொல்ல மனமுவந்து இசைந்தார். தமிழில் மாயக் கதை எழுத முனைபவர்கள் பலர் தடுக்கி விழும் இடத்திலேயே இவரும் தடுக்கியிருந்தார் என்பதாலும், அவர் எழுந்து வந்த வழி மற்றவர்களுக்கும் பயன்படும் என்று உறுதியாக நம்புவதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதையில் மாயம் மிகுந்திருந்ததால்தான் சிரிப்பு வரவில்லை. மாயத்துக்குச் சட்டமும் விலையும் வகுத்த பிறகே சிரிப்பு வந்தது. அந்தச் சட்டங்களை எழுத்தாளர் வெளியூரில் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் தெருவின் அடுப்பங்கரையிலும் பட்டறையிலும் அவை கிடந்தன.

முதல் படியின் நிலை

முதல் படியில் நகரம் கருங்கல் கோபுரங்களும் மூடுபனித் தெருக்களும் குதிரை வண்டிகளும் முக்காடிட்ட மனிதர்களும் நிறைந்ததாக இருந்தது. அங்கே யாரும் சோறு சாப்பிடவில்லை. யாருக்கும் மாமன் மச்சான் இல்லை. மழைக்குக்கூட ஒரு பருவம் இல்லை. நாயகன் முதல் அத்தியாயத்திலேயே 11 பேரைக் கொன்றான். ஒவ்வொரு சாவும் வேடிக்கைக்காக எழுதப்பட்டிருந்தது. ஒருவன் கிணற்றில் விழுவான், ஒருவன் தன் வாளிலேயே இடறுவான், ஒருவன் தும்மித் தும்மியே உயிரை விடுவான். நாயகனோ நினைத்த மாத்திரத்தில் மறைவான், சுவருக்குள் புகுந்து வெளிவருவான், கூரைமேல் பறப்பான், தவறுதலாகக் கொன்றவனை எழுப்பி உட்கார வைப்பான்.

படித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எழுத்தாளரின் மீதுள்ள அன்பால் சிலர் புன்னகைத்தார்கள். வட்டத்தின் மூத்த உறுப்பினர், வாழ்நாளில் பெரும்பகுதியைத் தறிக்குழியில் கழித்தவர், தாள்களை அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "செத்தவங்க யாருன்னே தெரியலையே தம்பி. அப்பறம் எப்படிச் சிரிக்கறது?"

பின்னால் நடந்த திருத்தங்கள் அனைத்தும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை. யாரென்று தெரியாதவனின் சாவு அழுகையையும் தராது, சிரிப்பையும் தராது. சாகப்போகிறவருக்கு ஒரு வாசல், ஒரு அடுப்பு, வர வேண்டிய ஒரு பாக்கி, பேசாமல் இருக்கும் ஒரு மருமகள் என்று ஏதாவது இருந்தால்தான் கொல்ல வந்தவனின் சங்கடமே தொடங்கும். அந்தச் சங்கடம்தான் நகைச்சுவைக்கு முதல். நாயகனால் எதுவும் முடியும் என்ற நிலை இந்தக் குறையை மேலும் பெரிதாக்கியது. எதுவும் முடிந்தவனுக்குப் பதற்றம் இல்லை. பதற்றம் இல்லாதவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

கொலையும் ஆவணமும்

இந்தக் கட்டத்தில் எழுத்தாளரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். கூலிக்கொலை என்பது நம் பக்கத்து வரலாற்றில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அவருடைய முக்காடிட்ட கொலையாளி, பாரசீக மலைக்கோட்டையான அலமூத்தைத் தளமாகக் கொண்டிருந்த நிசாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினரைக் கொலையாளிகளாகச் சித்திரித்துச் சிலுவைப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய கட்டுக்கதைகளின் கடைசிப் பேரன். அந்தக் கோட்டை 1256இல் மங்கோலியர் வசமானது. அதற்குப் பிறகும் அந்த உருவம் கதைகளில் உலவிக்கொண்டே இருக்கிறது. அதை எழுதக் கூடாது என்பதில்லை. ஆனால் இவரிடம் அது ஒரு படம் என்ற அளவில்தான் வந்து சேர்ந்திருந்தது; அதற்குப் பின்னால் இருந்த மனிதர்கள் வரவில்லை.

கௌடில்யர் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தைப் புரட்டிய போது முதல் வெளிச்சம் கிடைத்தது. மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த அந்த நூல், ஒற்றர்களை வகைப்படுத்தும் இடத்தில் தீட்சணர் என்றும் ரசதர் என்றும் இரு பிரிவினரைக் கூறுகிறது. பணத்துக்காக உயிரைப் பொருட்படுத்தாமல் யானையோடும் புலியோடும் மோதத் துணிந்தவர்கள் தீட்சணர், நஞ்சிடுபவர்கள் ரசதர். ரசதருக்குச் சொல்லப்படும் இயல்புகள் மூன்று: உறவினர்மேல் பாசம் இல்லாதவர்கள், கொடியவர்கள், சோம்பேறிகள். அரசின் கொலைத்துறைக்கு ஆள் எடுக்கும்போது சோம்பலை ஒரு தகுதியாக ஓர் ஆசான் முகம் சுளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார் என்பதை எழுத்தாளர் திரும்பத் திரும்பப் படித்தார். இப்போதுள்ள படியின் இரண்டாம் அத்தியாயத்தில், கொலைத்துறையில் சேர விண்ணப்பிப்பவன் கிராம நிர்வாக அலுவலரிடம் சோம்பல் சான்றிதழ் வாங்க அலையும் காட்சி இதிலிருந்து வந்தது. சான்றிதழுக்காக விடியற்காலையிலேயே எழுந்து வரிசையில் முதலாவதாக நின்ற ஒரே காரணத்தால் அவனுக்கு அது மறுக்கப்படுகிறது.

இரண்டாவது வெளிச்சம் இன்னும் அருகிலிருந்து வந்தது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள கல்வெட்டு. முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கொலைகாரர்களைத் துரோகிகள் என்று பெயர் சுட்டிச் சொல்கிறது. ஆனால் கொலை எந்த இரவில் நடந்தது, எப்படி நடந்தது, யார் தூண்டினார்கள் என்ற எதையும் சொல்லவில்லை. அந்தக் கல்லின் அக்கறை முழுவதும் அவர்களுடைய, அவர்களைச் சேர்ந்தவர்களுடைய நிலமும் உடைமையும் என்ன ஆக வேண்டும் என்பதில்தான் இருக்கிறது. ஒரு பட்டத்து இளவரசனின் கொலை காலம் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு சொத்து நடவடிக்கையின் வடிவத்தில்.

மாய நகரத்திலும் கொலை என்றால் முதலில் அலுவலகம்தான் இருக்கும் என்று எழுத்தாளர் முடிவு செய்தார். அந்த முடிவை எட்டியபோது அவர் முகத்தில் தெரிந்த தெளிவை வட்டத்தில் இருந்த அனைவரும் கவனித்தோம். அதன்பின் அவர் எழுதியதில் இரவல் வாடை இல்லை.

இருபத்தொன்றாவது வளைவு

நகரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. சேலத்துக்கும் மாய நகரத்துக்கும் என்ன பொருத்தம் என்று அவர் தயங்கினார். இந்தத் தயக்கம் எனக்கு வருத்தமாகவே இருந்தது. ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. ஒரு சொல்லுக்குத் திறக்கும் குகையை வண்ணத்தில் தமிழ்நாட்டுக்குக் காட்டிய ஊரில் பிறந்தவர், மாயம் எழுத வேற்றூர் மூடுபனியைக் கடன் வாங்க வேண்டியதில்லை. மூடுபனி வேண்டுமென்றாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் சேர்வராயன் மலையில் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. இப்போதுள்ள படியில், பனி அடர்ந்த நாட்களில் மட்டும் இருபதுக்கு அடுத்து ஒரு வளைவு இருக்கும். அதில் திரும்பும் பேருந்து நகரத்துக்குள் போய் நிற்கும். நடத்துநர் சலிப்போடு இறங்கி, கீழே போக வேண்டியவர்களை உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டு, அங்கே இறங்க வேண்டியவர்களிடம் மீதிச் சில்லறையைக் கொடுப்பார். மாய நகரத்துக்குள் வாசகர் நுழைய இவ்வளவு போதும். முதல் படியில் இதே நுழைவுக்கு மின்னலும் இடியும் பேசும் ஆந்தையுமாக ஆறு பக்கங்கள் இருந்தன.

ஓரிடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மலையுச்சியில் உள்ள சேர்வராயன் குகைக்கோயிலையே நகரத்தின் வாசலாக்க எழுத்தாளர் விரும்பினார். அந்தக் குகை காவிரி பிறக்கும் இடம் வரை போகிறது என்ற நம்பிக்கை மக்களிடையே உண்டு. கதைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் அது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஆண்டுதோறும் திருவிழா எடுத்துக் கும்பிடும் தெய்வத்தின் இடம். சிரிப்பு மூட்டும் கதைக்குள் பிறர் வணங்கும் இடத்தை வாசற்படியாகப் போடுவது சரியில்லை என்று கருதினேன். எழுத்தாளரும் சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். வளைவுகள் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமானவை; அவற்றை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

கொலுசுச் சட்டம்

பழிவாங்கும் கொலைகளை ஒழிக்க முடியாத பழைய அரசர்கள், அவற்றைத் துறை ஒன்றின் கீழ் கொண்டுவந்து, யாராலும் முடிக்க முடியாத அளவுக்கு விதிகளை அடுக்கினார்கள் என்பது இந்தக் கதையின் அடித்தளம். இலக்கானவருக்கு மூன்று நாள் முன்னதாக அறிவிப்பு போக வேண்டும். கொலையாளி பணியில் இருக்கும்போது சலங்கை வைத்த வெள்ளிக் கொலுசு அணிந்திருக்க வேண்டும். அதனால் நாயகன் இதுவரை ஒரு கொலையையும் செய்து முடித்ததில்லை. அவன் தற்காலிகப் பணியாளன். ஒரே ஒரு வேலையை முடித்துக் காட்டினால்தான் பணி நிரந்தரமாகும். நிரந்தரமானால்தான் பெண் கொடுப்பார்கள். முதல் அத்தியாயத்தில் 11 பேரைக் கொன்றவன், யாரையும் கொன்றறியாதவனாக மாறிய அந்த ஒரு மாற்றத்தில் கதை உயிர் பெற்றுவிட்டது என்பது என் கருத்து.

கொலுசு என்ற எண்ணம் எழுத்தாளரின் சொந்த வீட்டிலிருந்து வந்தது. அவருடைய தாய்மாமன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பது ஒருவர், வளையம் வெட்டிக் கோப்பது ஒருவர், பற்றவைப்பது ஒருவர், பூந்திக்கொட்டை ஊறிய நீரில் தேய்த்து மெருகேற்றுவது இன்னொருவர் என்று ஒரு ஜோடிக் கொலுசு பல கைகளைக் கடந்து கடைக்குப் போகிறது. சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த இந்தத் தொழிலைத் தம் கதைக்குள் வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் கேட்டபின் மாமனின் பட்டறையில் போய் உட்கார்ந்து, நாயகன் சத்தம் வராத கொலுசு கேட்டு வரும் காட்சியை எழுதி வந்தார்:

"சலங்கை இருக்கோணும், ஆனா சத்தம் வரக்கூடாதுங்க அண்ணா."

பட்டறைக்காரர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். "உள்ளார பரல் போடாம உட்டா எடை குறையும். எடை குறைஞ்சா முத்திரை வுழாது. முத்திரை வுழாத கொலுசைப் போட்டுக்கிட்டு நீங்க யாரையாச்சும் கொன்னீங்கன்னா அது உத்தியோகம் ஆவாதுங்க தம்பி. குத்தம் ஆயிரும்."

அவர் சொன்னதில் இருந்த நியாயம் நாயகனுக்கு விளங்கியது. எடையைச் சரிபார்த்து, கூலியைக் கொடுத்து, சத்தம் போடும் கொலுசையே வாங்கிக்கொண்டு போனான்.

இந்தக் காட்சியில் யாரும் வேடிக்கை பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டறைக்காரர் தம் தொழிலின் நேர்மையைப் பற்றிப் பேசுகிறார்; கொலையாளி தன் தொழிலின் இடைஞ்சலைப் பற்றிப் பேசுகிறான். இருவரும் அவரவர் பக்கத்தில் முழு உண்மையோடு நிற்கிறார்கள். எடை, முத்திரை, கூலி என்ற மூன்றும் செவ்வாய்ப்பேட்டையில் தினமும் பேசப்படுபவை. அவை மாறாமல் இருப்பதால், அவற்றுக்கு நடுவில் வந்து உட்காரும் கொலை என்ற ஒன்று மட்டும் சிரிப்பைக் கிளப்புகிறது. எல்லாவற்றையும் விநோதமாக்கிய முதல் படியில் எதுவுமே விநோதமாகத் தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

உப்புச் சட்டம்

கொலுசுச் சட்டம் மனிதர்கள் இயற்றியது. உப்புச் சட்டம் மாயம் இயற்றியது. ஒரு வீட்டின் உப்பைத் தின்றவனால் அந்த வீட்டாருக்குத் தீங்கு செய்ய முடியாது; கை எழாது, கத்தி இறங்காது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்ந்த ஒன்றை எழுத்தாளர் அப்படியே இயற்பியல் விதியாக்கிவிட்டார். இந்தக் குறுநாவலின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஏனென்றால் இதிலிருந்து விளைவுகள் தாமாகவே கிளைக்கின்றன. நகரத்தின் செல்வர்கள் மெய்க்காவலருக்குப் பதில் நல்ல சமையற்காரர்களை வைத்துக்கொள்கிறார்கள். கொலையாளி தெருவில் வந்தாலே வீட்டுக்கு வீடு "ஒரு வாய் காப்பித்தண்ணி" என்று கூப்பிடுகிறார்கள். வந்தவருக்கு ஏதாவது கொடுக்காமல் அனுப்புவது இழுக்கு, கொடுத்ததை மறுப்பது அதைவிட இழுக்கு என்று பழகிய ஊரில், பணி நிரந்தரம் வேண்டும் ஒருவன் மூன்று நாள் பட்டினி கிடக்க வேண்டியிருக்கிறது.

அவனுடைய இலக்கு தட்டுவடை செட் கடை நடத்தும் ஒரு மூதாட்டி. சேலத்துக்காரர்களுக்கு இந்தப் பண்டத்தை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் மொறுமொறுப்பான தட்டுவடை ஒன்றின்மேல் சிவப்புச் சட்டினியும் பச்சைச் சட்டினியும் தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் நறுக்கிய வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடி, நமுத்துப்போகும் முன் வாயில் போட்டுக்கொள்வது. காத்திருந்தால் கெட்டுவிடும் என்பதே அதன் சிறப்பு. நாயகன் அதன் முன் நிற்கும் பக்கத்தை எழுத்தாளர் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார்:

"வா கண்ணு. நோட்டீசு முந்தாநேத்தே வந்துருச்சு. நனைஞ்சு போய் வந்திருக்கியே, ஒரு செட்டு சாப்புட்டுட்டு அப்பறம் வேலையைப் பாரு."

"இல்லீங்க பாட்டி. வேலை நேரத்துல சாப்புடக்கூடாதுங்க."

"அப்ப உப்பில்லாம ஒண்ணு போட்டுத் தரட்டா?"

அவன் வெகுநேரம் யோசித்தான். "உப்பில்லாம தட்டுவடையாங்க பாட்டி?"

"அதைத்தான் கண்ணு நானும் கேக்கறேன்."

மூதாட்டியைக் கொல்லச் சொன்னவர் யார் என்பதில்தான் உடையார்குடிக் கல்வெட்டிலிருந்து கற்ற பாடம் வேலை செய்கிறது. அவளுடைய மறைந்த கணவர், திருமணமான புதிதில் ஏதோ ஒரு கோபத்தில், கட்டணம் கட்டி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். முத்திரைத்தாள் போதவில்லை என்று திருப்பப்பட்ட அந்தக் கோப்பு, மேசை மேசையாக நகர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புதலாகியிருக்கிறது. இடையில் இருவரும் குடும்பம் நடத்தி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி எடுத்து, அவர் நிம்மதியாகக் கண்ணை மூடியும் விட்டார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும். ஆடி அமாவாசைப் படையலுக்கு வரும் ஆவிகளுக்கோ கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. கோப்பு இருப்பதால் வேலை நடந்தாக வேண்டும். மூதாட்டிக்குக் கொலையாளி மேல் துளியும் கோபம் இல்லை; அவள் கோபமெல்லாம் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தின் மேல்தான். அந்த மூன்று நாளும் அவள் படத்தோடு போடும் சண்டைகளை இந்தக் கதையின் மிகச் சிறந்த பக்கங்கள் என்பேன். நாற்பது ஆண்டு இல்லறம் அந்தச் சண்டையில் தலைகீழாகச் சொல்லப்பட்டுவிடுகிறது.

உரைநடையில் செய்த வேலை

முதல் படியில் கதைசொல்லி தானே சிரித்துக்கொண்டிருந்தார். வரிக்கு வரி ஆச்சரியக்குறி. "ஐயோ பாவம்", "கேட்டால் சிரிப்பீர்கள்" என்ற முன்னறிவிப்புகள். இவற்றை நீக்கச் சொன்னதைவிட, நீக்கிய இடத்தில் என்ன வைப்பது என்று காட்டுவதில்தான் காலம் சென்றது. ஓர் உதாரணம். கொலையாளி இரவில் வீட்டுக்குள் நுழையும் இடம் முன்பு இப்படி இருந்தது: "பூனைபோலப் பதுங்கிப் போனான்! ஆனால் ஐயோ பாவம், கோழிக்கூடையில் கால் வைத்துத் தொபுக்கடீர் என்று விழுந்தான்!" இப்போது இப்படி இருக்கிறது: "சலங்கைச் சத்தம் கேட்டு விழித்த பாட்டி, கதவைத் திறக்கும் முன் அடுப்பைப் பற்றவைத்தாள்." இரண்டாவது வரியில் விழுபவர் யாரும் இல்லை. அவளுக்குச் சட்டம் தெரியும், பயம் இல்லை, வந்தவன் பசியோடு இருப்பான் என்பதும் தெரியும் என்ற மூன்றையும் அந்த அடுப்பு சொல்லிவிடுகிறது. கதைசொல்லியின் குரல் நிதானமான எழுத்துத் தமிழிலும், மாந்தர் பேச்சு சேலத்து வழக்கிலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்துக்கொண்டது பெரிதும் உதவியது. அலுவலகக் கடிதங்கள் மட்டும் அரசாணை நடையில் அமைந்தன.

அளவு தானாகவே சுருங்கியது. ஆங்கில அறிபுனைக்கும் மாயப் புனைவுக்கும் தரப்படும் ஹியூகோ, நெபுலா விருதுகள் 17,500 சொல்லிலிருந்து 40,000 சொல் வரை உள்ளதைக் குறுநாவல் என்று வகுக்கின்றன. தமிழில் அப்படி ஒரு கட்டாயம் இல்லையென்றாலும், ஒரே சங்கடத்தைச் சுற்றி நிற்கும் கதைக்கு அந்த எல்லை நியாயமானது. முதல் படி அதைத் தாண்டியிருந்தது. இப்போதுள்ளது எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது.

வெட்டியவற்றில் எனக்கும் வலித்த பகுதி ஒன்று உண்டு. ஊரிலிருந்தே மாயம் எடுக்கலாம் என்று தெரிந்ததும் எழுத்தாளர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து சேர்த்தார். கஞ்சமலையில் சித்தரின் சீடர் மூலிகைக் குச்சியால் சோற்றைக் கிளற, கறுத்துப்போன அந்தச் சோற்றைத் தின்று இளமை பெற்ற கதை வந்தது. சங்கப் பாடல்களில் இடம்பெற்ற கொல்லிப்பாவை வந்தாள். 1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலையின், பார்ப்பவரை மயக்கிச் சிரித்தே கொல்லும் பாவை. சிரிப்பும் கொலையும் ஒரே உருவத்தில் கூடிய அவளை விட இந்தக் கதைக்குப் பொருத்தமான பாத்திரம் ஏது என்று எழுத்தாளர் வாதாடினார். அவர் எழுதிய பாவை அத்தியாயம் அழகாகவே இருந்தது. ஆனால் பாவை வந்ததும் உப்பு வலுவிழந்தது. அவளுக்குப் பசி இல்லை. யாரும் அவளுக்குச் சோறு போட முடியாது. அவள் முன்னால் பாட்டியின் அடுப்புக்கு வேலை இல்லை. இரண்டு சட்டங்களுக்கு மேல் மூன்றாவதைத் தாங்க இந்தக் குறுநாவலுக்குத் தோள் இல்லை என்று சொல்லி, அவளைத் தனிக் கதைக்காக எடுத்து வைக்கச் செய்தேன்.

முடிவு பற்றிய வழக்கு

வட்டத்தில் நீண்ட வாதம் நடந்தது முடிவைப் பற்றித்தான். நாயகன் உப்பில்லாதவற்றைத் தேடித் தேடி மூன்று நாளை ஓட்டுகிறான்: வாழைப்பழம், பொரி, மல்கோவா. கடைசி இரவில் பாட்டி ஜவ்வரிசிப் பாயசம் வைக்கிறாள். பாயசத்தில் உப்பு இருக்காது என்று நம்பி அவன் டம்ளரை வாங்குகிறான். இனிப்பு எடுப்பாக இருக்க ஒரு சிட்டிகை உப்புப் போடுவது நம் வீட்டுச் சமையலில் பலர் செய்வதுதான். எழுத்தாளரின் இரண்டாம் படியில், பாட்டி அதை மறைத்து, அவன் குடித்து முடித்ததும் சொல்லிச் சிரித்தாள். வட்டத்தில் பாதிப் பேருக்கு இது பிடித்திருந்தது. சட்டென்று வரும் திருப்பம், வென்றவள் கிழவி.

எனக்கு இதில் உடன்பாடில்லை. மறைத்துப் போடும் உப்பு நஞ்சின் தம்பி. ரசதரின் வேலையைப் பாட்டி செய்தவளாகிறாள். அவ்வளவு நேரம் அவள் சோறு போட வந்தது உயிர் பிழைக்கும் உபாயம் மட்டுமே என்றாகிவிடும். அவளை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. தறிக்கார உறுப்பினரும் என் பக்கம் நின்றார். எழுத்தாளர் ஒரு வாரம் எதுவும் பேசவில்லை. பிறகு இந்த வரிகளோடு வந்தார்:

டம்ளர் அவன் உதட்டுக்குப் போகும் முன் பாட்டி சொன்னாள்: "ஒரு சிட்டிகை போட்டிருக்கேன் கண்ணு. தெரிஞ்சே குடி."

அவன் தெரிந்தே குடிக்கிறான். அதன் பிறகு கதையில் ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது. வீட்டு உப்பை உண்டுவிட்டதால் பணியை நிறைவேற்ற இயலவில்லை என்று அவன் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்புகிறான். உண்ட உப்பின் அளவு குறிப்பிடப்படவில்லை என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வருகிறது. இந்தப் பக்கத்தை வட்டத்தில் உரக்கப் படித்தபோது, முன்பு மறைத்த உப்புக்காக வாதாடியவர்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தக் கோப்பு இன்னொரு நாற்பது ஆண்டு நகராது என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது.

தீராத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. கணவர் அன்று எதற்காகக் கோபப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டுமா? விண்ணப்பப் படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் ஒன்று உண்டு; இப்போதுள்ள படியில் அந்தக் கட்டத்தைக் கறையான் தின்றுவிட்டது. வாசகரை ஏமாற்றுவதாகும் என்று சிலர் சொல்கிறார்கள். காரணம் சிறியதாக இருந்தால் கணவர் கோமாளியாவார், பெரியதாக இருந்தால் நாற்பது ஆண்டு வாழ்க்கையே பொய்யாகும் என்பதால் கறையானே இருக்கட்டும் என்பது என் நிலை. எழுத்தாளர் இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் வட்டத்துக்கு வெளியே உள்ள சிலரிடம் இரண்டு படிகளையும் கொடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.